புலிக்கு ஒரு நகர்வு, ஆட்டுக்கு ஒரு நகர்வு

3 புலிகளும் 15 ஆடுகளும் எதிரெதிரே நின்றால் வெற்றி யாருக்கு? காட்டில் இக்கேள்விக்கே இடமில்லை. ஆனால் தரையில் கரித்துண்டால் கோடு கிழித்து, கூழாங்கற்களைப் புலிகளாகவும் புளியங்கொட்டைகளை ஆடுகளாகவும் வைத்து ஆடத் தொடங்கினால் விடை அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. புலி ஆடுபவர் தோற்று எழுந்து போவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பழைய கோயில் மண்டபங்களின் தரைக் கற்களில்கூட இந்தக் கோடுகள் கொத்தப்பட்டிருப்பதைக் காணலாம். அத்தனை காலமாக இந்த ஆட்டம் மக்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால் அதன் போர் சமமான போர் என்பதுதானே பொருள்? வலிமையில் இவ்வளவு வேறுபாடுள்ள இரு தரப்பு சமமாவது எப்படி?

இதற்கு விடை புலியிடமும் இல்லை, ஆட்டினிடமும் இல்லை. 'யார், எப்பொழுது, எத்தனை செயல் செய்யலாம்' என்ற விதியில் இருக்கிறது. அவ்விதியைத்தான் இக்கட்டுரையில் ஆராயப் போகிறோம். நம் ஊர் ஆட்டங்களோடு, கடந்த ஐம்பது ஆண்டுகளில் மேலைநாடுகளில் பரவிய வேடப் பாத்திர ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் விளக்கம் தெளிவாகும்.

முதலில் அந்த அயல்நாட்டு ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுவோம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரம். தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதையை எடுத்து நடத்துவதுபோல ஒருவர் கதையை நடத்துகிறார். குகையில் என்ன இருக்கிறது, பூதம் என்ன செய்கிறது என்பதை அவரே கூறுவார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் செய்வதைச் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். பார்வையாளர் இல்லாத கூத்து என்று வைத்துக்கொள்ளலாம். 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் முதலாவது. அதற்கும் ஒரு பாட்டனார் உண்டு. பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரிகளைப் பழக்குவதற்காக ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824-இல் வெளியிட்ட போர்ப் பயிற்சி ஆட்டம் அது. அதிலும் நடுவர் இருந்தார், பகடை இருந்தது. ஒவ்வொரு முறையும் போர்க்களத்தில் 2 நிமிடத்தைக் குறித்தது.

இந்த ஆட்டங்களில் 6 முகப் பகடை போதாது என்று 4, 8, 12, 20 முகங்கள் உள்ள பகடைகளையும் பயன்படுத்துகிறார்கள். முகங்கள் எல்லாம் ஒரே அளவுள்ள ஒழுங்குப் பல்கோணங்களாக அமைந்து, ஒவ்வொரு முனையிலும் அவை ஒரே எண்ணிக்கையில் கூடும் குவிந்த திண்மங்கள் உலகில் ஐந்தே ஐந்துதான். அந்த ஐந்தும் இவர்கள் பையில் இருக்கின்றன!

சரி, போருக்கு வருவோம்.

ஒரே வலிமை, இரண்டு முடிவு

ஓர் அரக்கனும் நான்கு வீரர்களும் மோதுகிறார்கள் என்க. வீரன் ஒவ்வொருவனுக்கும் உயிர்ப்புள்ளி 10. அவன் அடி இரண்டுக்கு ஒன்று படும். பட்டால் 5 புள்ளி குறையும். ஆக, சராசரியில் ஓர் அடிக்கு 2½ புள்ளி. அரக்கனுக்கு உயிர்ப்புள்ளி 40. அவன் அடியும் இரண்டுக்கு ஒன்றே படும். ஆனால் பட்ட வீரன் அங்கேயே விழுவான்.

முதலில், உயிரோடு உள்ள ஒவ்வொருவரும் சுற்றுக்கு ஒரு முறை அடிக்கலாம் என்று விதி வைப்போம். முதல் இரண்டு சுற்றுகளில் நான்கு வீரர்களும் சேர்ந்து சுற்றுக்குப் பத்தாக 20 புள்ளி குறைக்கிறார்கள். அதற்குள் சராசரியாக ஒரு வீரன் விழுகிறான். அடுத்த இரண்டு சுற்றுகளில் மீதி மூவர் 15 புள்ளி குறைக்கிறார்கள். இன்னொருவன் விழுகிறான். ஐந்தாம் சுற்றில் எஞ்சிய இருவர் 5 புள்ளி குறைக்க, அரக்கன் கணக்கு முடிகிறது. இரு வீரர்கள் வீடு திரும்புகிறார்கள்.

இப்போது விதியை மட்டும் மாற்றுவோம். தரப்புக்கு ஒரு செயல். நான்கு பேர் இருந்தாலும் சுற்றுக்கு ஒருவனே அடிக்கலாம். சுற்றுக்கு 2½ புள்ளி வீதம் 40 புள்ளியைக் குறைக்க 16 சுற்று வேண்டும். ஆனால் அரக்கனோ 8 சுற்றில் நால்வரையும் வீழ்த்திவிடுகிறான். அப்போது அவனிடம் பாதி உயிர், அதாவது 20 புள்ளி மீதி இருக்கிறது!

அரக்கன் வளரவில்லை, வீரர்கள் மெலியவில்லை. விதியில் ஒரு வரி மாறியது, வென்றவன் தோற்றான். (இவை சராசரிக் கணக்குகள் என்பதை மறக்கக் கூடாது. பகடை ஒரு நாள் சாதகமாக விழும், ஒரு நாள் விழாது.)

ஆடுபுலி ஆட்டத்தின் சூட்சுமம் இப்போது விளங்கும். அதில் தரப்புக்கு ஒரு நகர்வு. 15 ஆடுகள் இருந்தாலும் ஒரு முறைக்கு ஓர் ஆடுதான் அசையும். இதனால் எண்ணிக்கையின் பலத்தில் பெரும்பகுதி புலிகளுக்கு எதிராகத் திரள முடியாமல் போகிறது. அதை ஈடுசெய்ய வேறொரு பலம் ஆடுகளுக்குத் தரப்பட்டுள்ளது, அதுதான் இடம். ஆட்டக் கட்டத்தில் 23 முனைகள். 3 புலியும் 15 ஆடும் இறங்கிவிட்டால் காலியாக இருப்பவை ஐந்தே முனைகள். புலி ஆட்டை வெட்ட வேண்டுமானால் ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் அடுத்த முனை காலியாக இருக்க வேண்டும். எனவே ஓர் ஆட்டின் முதுகில் இன்னோர் ஆடு நின்றால் இரண்டும் பிழைக்கும். வெட்டுப்பட்ட ஒவ்வோர் ஆடும் ஒரு முனையைக் காலி செய்துவிட்டுப் போவதால் புலிக்குக் கிடைப்பது இரட்டை லாபம்: எதிரி ஒன்று குறைந்தது, மூச்சுவிட இடம் ஒன்று கூடியது. முதல் இரண்டு ஆடுகளை இழந்தவர் ஏன் அநேகமாகத் தேறுவதில்லை என்பதற்கு இதுவே காரணம். நேபாளத்தில் ஆடும் 'பாக் சால்' ஆட்டத்தில் 4 புலி, 20 ஆடு, 25 முனை. இடநெருக்கடி இன்னும் கடுமை.

எண்ணிக்கையின் பலத்தை அளந்து சொன்னவர் ஒருவர் உண்டு. பிரிட்டிஷ் பொறியாளர் பிரெடெரிக் லான்செஸ்டர், முதல் உலகப் போரின்போது, 1916-இல் வெளியான நூலில் விமானப் போரை ஆராய்ந்து ஒரு விதியைக் கூறினார். எல்லோரும் ஒரே சமயத்தில் எல்லோரையும் தாக்க முடிகிற போரில் ஒரு படையின் பலம் அதன் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது அவ்விதி. ஒருவரோடு ஒருவராக மட்டுமே மோத முடிகிற குறுகிய இடத்தில் வர்க்கம் வேண்டாம், எண்ணிக்கையே போதும். நம் ஆடுகளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 15-இன் வர்க்கம் 225. 3-இன் வர்க்கம் 9. ஆடுகள் எல்லாம் ஒருசேர முட்டலாம் என்று விதி இருந்தால் ஒரு புலி 25 ஆடுகளுக்குச் சமமாக இருந்தால்தான் போர் சமம். ஒன்றுக்கொன்றாக மோதினால் ஒரு புலி 5 ஆட்டுக்குச் சமமாக இருந்தால் போதும். பாலத்தில் நின்று ஒருவனாகப் படையைத் தடுத்த வீரனின் கதை எல்லா நாட்டிலும் இருக்கிறதே, அதில் கொஞ்சம் கணக்கும் இருக்கிறது.

மேலைநாட்டு வேட ஆட்டங்களில் பெரும்பாலும் ஆளுக்கொரு முறை என்பதே விதி. ஆகவே அங்கே நாயகர்கள் நால்வர் சேர்ந்து ஒற்றைப் பறவைநாகத்தை எதிர்த்தால், எவ்வளவு பயங்கரமான நாகமானாலும் சோப்ளாங்கியாகிவிடும். இந்தச் சங்கடத்தை ஆட்டம் அமைப்பவர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். 2014-இல் வந்த டன்ஜன்ஸ் ஐந்தாம் பதிப்பில் இதற்கு ஒரு மருந்து கண்டார்கள்: அத்தகைய பெரிய பிராணிகள் தம் முறைக்குக் காத்திராமல், பிறர் முறை முடியும் தறுவாயில் ஒவ்வொன்றாக, சுற்றுக்கு 3 கூடுதல் செயல்கள் செய்யலாம். அதாவது நாலு பேருக்கு நாலு செயல் என்ற கணக்கைச் சுற்றி வளைத்து மீட்டிருக்கிறார்கள். நம் திண்ணை ஆட்டத்தில் ஒரே வரியில் முடிந்த காரியம் இது என்று சொன்னால் பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம். இரண்டு ஆட்டங்களின் தேவை வேறு. அங்கே ஒவ்வொரு பாத்திரத்தின் பின்னாலும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு முறை வராவிட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்!

தாயம் தரும் கூடுதல் முறை

ஒரு முறைக்கு ஒரு செயல் என்பது எல்லா ஆட்டத்துக்கும் பொருந்தாது. தாயத்தை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி மில்லர்புரத்தில், கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கும் ஒரு பிற்பகலில், ஏதோ ஒரு வீட்டுத் தார்சாவில் நாலு பேர் தாயம் உருட்டுவதாகக் கொள்ளுங்கள். இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம். 1, 2, 3 புள்ளிகளும் ஒரு வெறுமையும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. ஒன்று விழுந்தால் தாயம். 1, 5, 6, 12 ஆகியவை விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது பரவலான வழக்கம்.

மொத்தம் 4 × 4 = 16 வகையாகக் கட்டைகள் விழலாம். தாயம் விழ 2 வழி, ஐந்துக்கு 2 வழி, ஆறுக்கு 1, பன்னிரண்டுக்கு 1. ஆக 6 வழி. 16-இல் 6 என்றால் மறுமுறை கிடைக்கும் நிகழ்தகவு ⅜. ஒருவர் தம் முறையில் சராசரியாக எத்தனை தடவை உருட்டுவார்? 1-ஐ (1 − ⅜)-ஆல் வகுத்தால் 1.6 வருகிறது. அதாவது ஐந்து முறைக்கு எட்டு உருட்டல். 'அவளுக்கு மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது' என்ற புலம்பலுக்கு அடிப்படை இதுதான்; சராசரி 1.6 ஆனாலும், தொடர்ந்து மூன்று மறுமுறை கிடைப்பது ஏறத்தாழ 19 முறைக்கு ஒரு தடவை நடக்கவே செய்யும்.

முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற கடற்கரையில் கட்டைக்குப் பதில் சோழி எடுப்பதும் உண்டு. 6 சோழிகளைக் குலுக்கிப் போட்டு, வாய் மேலே பார்க்க விழுந்தவற்றை எண்ணுவது. எல்லாம் கவிழ்ந்தால் 12. சோழி வாய் மேலாகவும் கீழாகவும் சம வாய்ப்போடு விழுவதாக வைத்துக்கொண்டால் 64 வழிகளில் மறுமுறை தருபவை 14 மட்டுமே. சராசரி உருட்டல் 1.28 ஆகக் குறைந்துவிடுகிறது. அதே கட்டம், அதே காய், அதே விதி. உருட்டும் பொருள் மாறியதால் ஆட்டத்தின் வேகமே மாறிவிட்டது. உண்மையில் சோழி சமமாக விழுவதில்லை. கையில் உள்ள சோழி ஒன்றை நூறு தடவை போட்டு எண்ணிப் பார்த்தால் அதன் குணம் தெரிந்துவிடும்.

தாயத்தில் இன்னொரு நுட்பம்: எதிரியின் காயை வெட்டினாலும் மறுமுறை உண்டு. பல ஊர்களில் ஒரு காயையாவது வெட்டாமல் உள்சுற்றுக்குள் புகவே முடியாது. ஒதுங்கிப் போக நினைப்பவரையும் இவ்விதி சண்டைக்கு இழுத்துவிடுகிறது. பெருக்கல் குறி போட்ட மலைக் கட்டத்தில் இருக்கும்வரை காய்க்கு அபாயமில்லை. ஆனால் மலையிலேயே குந்திக் கொண்டிருந்தால் பழம் எடுப்பது எப்போது?

அடிபடுபவன் என்ன செய்கிறான்?

ஒருவன் வாளை ஓங்கும்போது மற்றவன் சும்மா நிற்பானா? இவ்விஷயத்தில் ஆட்டங்கள் வெகுவாக வேறுபடுகின்றன. டன்ஜன்ஸ் ஆட்டத்தில் அடிபடுபவன் ஒன்றும் செய்வதில்லை. அவன் கவசமும் சுறுசுறுப்பும் சேர்ந்து ஓர் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். தாக்குபவன் 20 முகப் பகடையை உருட்டி, தன் திறமையையும் கூட்டி, அந்த எண்ணை எட்டினால் அடி பட்டது. 1978-இல் அமெரிக்காவில் வந்த 'ரூன்குவெஸ்ட்' இதை ஏற்கவில்லை. தாக்குபவனும் உருட்ட வேண்டும், தடுப்பவனும் உருட்ட வேண்டும். நீண்ட ஆயுதம் வைத்திருப்பவன் முந்தி அடிப்பான் என்பதும் அதன் விதி. சிலம்பம் ஆடியவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். கம்பின் நீளம் கைக்கு வந்த காலமல்லவா!

1986-இல் வந்த 'கர்ப்ஸ்' இன்னும் ஒரு படி போகிறது. விலகுவது, ஆயுதத்தால் தட்டிவிடுவது, கேடயத்தால் மறைப்பது என்று மூன்றில் ஒன்றைத் தடுப்பவன் தேர்ந்தெடுக்கலாம். மூன்று 6 முகப் பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். தாக்குபவனுக்கு 12-க்குள் விழ வேண்டுமென்றால் வாய்ப்பு நூற்றுக்கு 74. தடுப்பவனுக்கு 10-க்குள் விழ வேண்டுமென்றால் 50. இரண்டையும் கடந்து அடி படுவது நூற்றுக்கு 37 மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு முழுப் பலத்தோடு பாய்ந்தால் அடிக்க வசதி கூடும். ஆனால் தன்னைத் தடுத்துக்கொள்ளும் உரிமை அந்த முறைக்குப் போய்விடும். இவற்றில் எனக்குப் பிடித்தது இந்த விதிதான். கோபத்தின் விலையை எண்ணாக எழுதியிருக்கிறார்கள்.

புதிய டன்ஜன்ஸிலும் அடிபடுபவன் முழுவதும் மரமாக நிற்பதில்லை. சுற்றுக்கு ஒரு எதிர்வினை உண்டு. பக்கத்தில் நின்று போரிட்ட எதிரி கவனமின்றி விலகி ஓடினால் முறைக்குக் காத்திராமல் அவனை ஓர் அடி அடிக்கலாம். ஆடுபுலியில் வரிசையிலிருந்து ஓர் ஆட்டை எடுத்து நகர்த்தினால் அதன் முன்னே நின்ற ஆட்டுக்குப் பின்புறம் காலியாகிப் புலிக்கு வழி திறப்பது இதே தத்துவம்தான்; அங்கே தனி விதி தேவைப்படவில்லை, கோடுகளே அதைச் செய்துவிடுகின்றன.

ஒரு சுற்று என்றால் எவ்வளவு நேரம்?

1970-களின் கடைசியில் வந்த டன்ஜன்ஸின் விரிவுபடுத்திய பதிப்பில் ஒரு சுற்று ஒரு நிமிடம். ஒரு நிமிடத்தில் ஒரே அடியா என்று கேட்டால், பல வீச்சுகளில் பலிக்கக்கூடிய வாய்ப்பு ஒன்றே என்று பதில் வரும். அந்த நிமிடத்தை ஆறு ஆறு வினாடியாகப் பத்துக் கூறு போட்டிருந்தார்கள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் முழுச் சுற்றே 6 வினாடியாகிவிட்டது. பழைய கூறு புதிய சுற்றாயிற்று! ரூன்குவெஸ்டில் சுற்று 12 வினாடி. கர்ப்ஸில் ஒரே வினாடி. ஐந்து சுற்றில் முடியும் சண்டை முதல் ஆட்டத்தில் 5 நிமிடம், கடைசி ஆட்டத்தில் 5 வினாடி. வினாடிக் கணக்கு வந்தவுடன் வில்லாளியின் பாடு திண்டாட்டம்: அம்பை எடுப்பது ஒரு முறை, நாணேற்றி இழுப்பது ஒரு முறை, எய்வது மூன்றாம் முறை. அதற்குள் வாள்காரன் அருகே வந்துவிடுவான்.

யார் முந்துவது என்பதும் சின்ன விஷயமன்று. ஒரே அடியில் சாகக்கூடிய இருவர், இரண்டுக்கு ஒன்று படும் அடி, மாற்றி மாற்றி அடிக்கிறார்கள் என்றால் முதலில் அடிப்பவன் வெல்லும் நிகழ்தகவு பாதியன்று, மூன்றில் இரண்டு பங்கு. இருவர் அடியும் ஒரே கணத்தில் விழுவதாகக் கொள்ளும் ஆட்டங்களில் இந்தச் சலுகை மறைந்துவிடும். இருவருமே செத்து விழும் வேடிக்கையும் நடக்கும்.

செயலைப் பங்கிடும் முறைகளில் அண்மைக் காலத்தில் வந்த ஒன்று கணக்கு மாணவர்களுக்கு நல்ல விருந்து. 2019-இல் வெளியான 'பாத்ஃபைண்டர்' இரண்டாம் பதிப்பில் ஒவ்வொருவருக்கும் முறைக்கு 3 செயல். நடக்கலாம், அடிக்கலாம், கேடயம் தூக்கலாம், எப்படியும் கலந்துகொள்ளலாம். மூன்றையும் அடியாகவே செலவிட்டால் என்ன? இரண்டாம் அடிக்குப் பகடையில் 5 குறையும், மூன்றாம் அடிக்கு 10 குறையும். முதல் அடி பாதிக்குப் பாதி படும் என்றால் இரண்டாவது நூற்றுக்கு 25, மூன்றாவது 20 விழுந்தால் மட்டும், அதாவது நூற்றுக்கு 5. கூட்டிப் பாருங்கள்: ஓர் அடிக்கு எதிர்பார்ப்பு 0.50, இரண்டுக்கு 0.75, மூன்றுக்கு 0.80. மூன்றாவது செயலால் கிடைத்தது வெறும் 0.05. அந்தச் செயலைக் கேடயம் தூக்கவோ ஓரடி பின்வாங்கவோ செலவிட்டால் புத்திசாலித்தனம். அடியும் அமர்த்தும் கலந்த சண்டை இதனால் தானாக உண்டாகிறது; யாரும் அறிவுரை சொல்லித் திருத்த வேண்டியதில்லை. உப்பள வேலையானாலும் படிப்பானாலும் கடைசி மணி நேர உழைப்பு முதல் மணி நேரத்தளவு பலன் தராது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த எண்கள் புதிதாகத் தோன்றாது.

இவற்றையெல்லாம் சோதித்துப் பார்க்க விலையுயர்ந்த பகடைகள் தேவையில்லை. ஆடுபுலிக் கட்டத்தை வரைந்துகொண்டு, ஆடுகள் எல்லாம் இறங்கிய பிறகு ஆட்டுத் தரப்புக்கு முறைக்கு இரண்டு நகர்வு என்று ஒரு விதியைச் சேர்த்து பத்து ஆட்டம் ஆடுங்கள். புலிகள் எத்தனை ஆட்டத்தில் கட்டுண்டன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆடுகளின் எண்ணிக்கையை 15-லிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, வெற்றி தோல்வி மீண்டும் ஏறத்தாழச் சமமாகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த எண்ணுக்கும் 15-க்கும் உள்ள வித்தியாசம்தான் கூடுதலாகக் கொடுத்த அந்த ஒரு நகர்வின் விலை. இருவரும் ஓரளவு சமமாக ஆடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறிக்கொள்வதும் நல்லது.